குழந்தைகளோடு கிரனாடா: பாஸ்போர்ட்டிலிருந்து சிங்க முற்றம் வரை

தெற்கு ஸ்பெயினில், அந்தாலூசியா பகுதியில் இருக்கிறது கிரனாடா. போன ஏப்ரலில் குடும்பமாகப் போய்வந்தோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. அங்கே மலைமேல் இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனையில், 12 கல் சிங்கங்கள் ஒரு நீரூற்றைத் தாங்கி நிற்கும் முற்றம் ஒன்று உண்டு. அந்தப் படத்தை மகன் ஆறு மாதமாக ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தான். ஒருவழியாக அந்தச் சிங்கங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது இரவு பத்தே முக்கால் மணி. அவன் அப்பாவின் தோளில் தூங்கிவிட்டான். எழுப்பிப் பார்த்தோம், கண்ணே திறக்கவில்லை. பன்னிரண்டில் ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பினான்.

டிக்கெட் வாங்குவதில் நான் செய்த தவறுதான் அதற்குக் காரணம். எப்படி நடந்தது என்று மூன்றாவது படியில் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வரலாற்றைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, அதை இங்கே தொடவில்லை. எந்தக் காகிதம் வேண்டும், எப்போது வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும், ஊரைக் குழந்தைக்கு எப்படிப் பழக்குவது, இவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும்போது அல்ஹம்ப்ராவில் தொடங்குங்கள். நடக்கும்போது அதைக் கடைசிக்கு வையுங்கள். ரயிலை விட்டு இறங்கியதும் குழந்தையை நேராக அரண்மனைக்குக் கூட்டிப்போனால், அதற்கு அது பெரிய சுவர்கள் உள்ள இன்னோர் இடம். மூன்று நாள் கீழே இருக்கும் பேட்டைகளில் சுற்றி, ஒவ்வொரு தெருமுனையிலும் தலைதூக்கி அந்தச் செந்நிறக் கோட்டையைப் பார்த்துப் பழகியபின் கூட்டிப்போனால், "நம்ம மலைக்கு இன்னிக்குத்தான் போறோமா?" என்று கேட்கும். என் மகள் அப்படித்தான் கேட்டாள்.

1. முதலில் குழந்தையின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

நம் நாட்டில் குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பெரியவர்களுக்கு 10 ஆண்டு என்பதால் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்பெயினை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். தேதி நெருக்கமாக இருந்தால் வேறு எதையும் தொடாமல் முதலில் அதைப் புதுப்பியுங்கள். விசா விண்ணப்பத்திலும் அல்ஹம்ப்ரா டிக்கெட்டிலும் பாஸ்போர்ட் எண் ஏறுகிறது. டிக்கெட் வாங்கிய பிறகு புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் எண் மாறிவிடும், அப்புறம் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

நம் பெயர்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டமே காலி. ஸ்பெயினில் எல்லோருக்கும் இரண்டு குடும்பப்பெயர்கள் என்பதால் அங்கே எந்தப் படிவமும் "நோம்ப்ரே", "அப்பெய்யீதோஸ்" என்று பெயரையும் குடும்பப்பெயரையும் தனித்தனியாகக் கேட்கும். பாஸ்போர்ட்டில் அச்சாகியிருப்பதை எழுத்து மாறாமல் அப்படியே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரும் வேண்டாம், இனிஷியலும் வேண்டாம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லை. என் பெயரையே இரண்டு கட்டங்களிலும் எழுதினேன். எண் சரியாக இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2. விசா

ஸ்பெயின் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், ஆனால் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். கோடை விடுமுறைக்காக எல்லோரும் ஒரே சமயத்தில் முயல்வதால் பிப்ரவரி, மார்ச்சில் நாள் கிடைக்காமல் தவிப்பீர்கள். ஏப்ரல் பயணத்துக்கு டிசம்பரிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயது முதல் 11 வயதுவரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி. 12 வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை.

குழந்தைக்கென்று கூடுதலாக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பள்ளியிலிருந்து விடுமுறைக் கடிதம், விண்ணப்பத்தில் தாய் தந்தை இருவரின் கையெழுத்து. ஒருவர் மட்டும் குழந்தையோடு போவதாக இருந்தால், மற்றவரின் ஒப்புதல் கடிதம் நோட்டரி முத்திரையோடு வேண்டும். இதைக் கடைசி நாளில் தேடி அலைபவர்களை மையத்தின் வரிசையிலேயே பார்த்தேன். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், நால்வரின் பெயரும் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கிரனாடாவில் 4 நாள், பாரிஸில் 6 நாள் என்றால் அது பிரான்ஸ் விசா. இதைத் திட்டம் போடும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

3. அல்ஹம்ப்ரா டிக்கெட்: இதைத்தான் நான் கோட்டைவிட்டேன்

அல்ஹம்ப்ரா ஒரே கட்டடம் இல்லை. அல்காசாபா என்ற பழைய கோட்டை, நஸ்ரி அரண்மனைகள், "பார்த்தால்" என்ற பெயருடைய தோட்டம், சற்றுத் தள்ளி ஹெனெராலிஃபே என்ற கோடைமாளிகையும் அதன் தோட்டங்களும் என்று பரந்து கிடக்கிறது. சிங்க முற்றம் நஸ்ரி அரண்மனைகளுக்குள் இருக்கிறது. அந்த ஒரு பகுதிக்கு மட்டும் அரைமணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள். அதனால் முதலில் தீர்ந்துபோவதும் அதுதான்.

டிக்கெட்டில் வகைகள் உண்டு. "ஹெனெரால்" என்பது பொது டிக்கெட், எல்லாப் பகுதிகளையும் பார்க்கலாம். "ஹார்தீனெஸ்" என்று தொடங்கும் தோட்ட டிக்கெட்டில் அல்காசாபாவும் ஹெனெராலிஃபேயும் உண்டு, நஸ்ரி அரண்மனைகள் கிடையாது. இரவுப் பார்வை டிக்கெட் இன்னொரு வகை.

பயணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் நான் டிக்கெட் தேடினேன். பொது டிக்கெட் எங்கள் நான்கு நாட்களிலும் தீர்ந்திருந்தது. பதற்றத்தில் தேடுபொறியில் மேலே வந்த ஓர் இடைத்தரகர் தளத்தில், "அல்ஹம்ப்ரா நுழைவு" என்று போட்டிருந்ததை அதிக விலைக்கு வாங்கினேன். ஒரு வாரம் கழித்து மகள் அச்செடுத்த தாளைப் படித்துவிட்டு, "இதுல சிங்கம் இருக்கிற இடத்தோட பேரே இல்லையேம்மா" என்றாள். அது தோட்ட டிக்கெட். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அதன்பிறகு தினமும் அதிகாரபூர்வத் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது நஸ்ரி அரண்மனைகளுக்கான இரவு டிக்கெட் கிடைத்தது, இரவு 10 மணிக்கு. மகனின் கதை அப்படித்தான் முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்:

அல்ஹம்ப்ராவை நிர்வகிக்கும் "பத்ரொனாத்தோ தே லா அலாம்ப்ரா இ ஹெனெராலிஃபே" என்ற அமைப்பின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். முகவரியில் பத்ரொனாத்தோ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாதம் முன்பே விற்பனை தொடங்கிவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை போகிறவர்கள் மூன்று மாதம் முன்பே வாங்குவது நல்லது. விசா வரும்வரை காத்திருந்தால் டிக்கெட் இருக்காது. அந்தப் பணம் போனாலும் போகட்டும் என்ற மனநிலையில்தான் வாங்க வேண்டும்.

பொது டிக்கெட் பெரியவருக்கு 20 யூரோவைக் கொஞ்சம் தாண்டும். 12 வயதுக்குக் கீழே இலவசம். இலவசம் என்பதால் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தையின் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணோடு ஒரு டிக்கெட் எடுத்தாக வேண்டும், அதே நேரத்துக்கு. பெரியவர்களுடையதை மட்டும் வாங்கிவிட்டுப் பிறகு குழந்தைக்குத் தேடினால் அந்த அரைமணிக்கான இடம் தீர்ந்திருக்கும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் நஸ்ரி அரண்மனை வாசலுக்கான நேரம். அந்த அரைமணிக்குள் போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். சின்னக் குழந்தை என்றால் காலை 10 மணியை எடுங்கள். மதியம் 2 மணி வேண்டாம். அப்போது பசி, வெயில், தூக்கம் மூன்றும் சேர்ந்து வரும்.

பொது டிக்கெட் தீர்ந்திருந்தால் "கிரனாடா கார்டு" என்ற நகர அட்டையைப் பாருங்கள். அதில் அல்ஹம்ப்ரா நுழைவு, கதீட்ரல், அரச சிற்றாலயம், சில பேருந்துப் பயணங்கள் எல்லாம் சேர்ந்து வரும். அதற்கு இடம் தனியாக ஒதுக்குவதால் சில சமயம் கிடைக்கும். எனக்கு அப்போது இது தெரியாது.

4. தங்குமிடம்: படிக்கட்டை எண்ணிப் பாருங்கள்

அல்ஹம்ப்ராவுக்கு எதிர்மலையில் இருக்கும் அல்பைசின் பகுதியில் வெள்ளைச் சுவர் வீடு, ஜன்னலைத் திறந்தால் அல்ஹம்ப்ரா. படத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பகுதியின் பெரும்பாலான சந்துகளில் கார் நுழையாது. கூழாங்கல் பதித்த செங்குத்தான வழியில் பெட்டியையும் தூங்கும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். சின்னக் குழந்தை இருந்தால் சமதளமான நகர மையமான சென்ட்ரோவிலோ, அல்ஹம்ப்ரா மலையின் மறுசரிவில் இருக்கும் ரேயாலேஹோவின் கீழ்ப்பகுதியிலோ தங்குங்கள். பிளாசா நுவேவா சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருந்தால் போதும்.

விடுதியானாலும் வாடகை வீடானாலும் எல்லோருடைய பாஸ்போர்ட் விவரத்தையும் கேட்பார்கள், குழந்தைகளுடையதும் சேர்த்து. அது அந்நாட்டுச் சட்டம், சந்தேகப்பட வேண்டாம்.

புனித வாரத்தின் தேதியை மட்டும் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய அந்த வாரத்தில் ஊர்வலங்களுக்காகத் தெருக்களை அடைத்துவிடுவார்கள், அறை வாடகையும் ஏறிவிடும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரிக்கு மேல் அடிக்கும். ஊர் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், சியரா நெவாதா பனிமலைகளின் அடிவாரத்தில் இருப்பதால் ஏப்ரல் மாலைகளில்கூடக் குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. மத்ரித்திலிருந்து கிரனாடாவுக்கு

ஸ்பெயினின் தலைநகரான மத்ரித்தின் (மாட்ரிட்) அத்தோச்சா ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் மூன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. 4 வயதுக்குக் கீழே தனி இருக்கை எடுக்காவிட்டால் இலவசம், ஆனாலும் டிக்கெட் பதிவு செய்ய வேண்டும். 4 முதல் 13 வயதுவரை கட்டணச் சலுகை உண்டு. ஏறுவதற்கு முன் பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், அரைமணி முன்னதாகப் போய்விடுங்கள். பேருந்து மலிவு, ஆனால் ஐந்து மணி நேரம் ஆகும். விமானத்தில் இறங்கிய அன்றே ஏறாதீர்கள். மத்ரித்தில் ஓர் இரவு தூங்கிவிட்டுப் போனதால்தான் எங்கள் மகன் முதல்நாள் அழவில்லை.

6. கிளம்பும் முன் வீட்டிலேயே ஊரைக் காட்டுங்கள்

இதற்குச் செலவே இல்லை, பலனோ அதிகம். குழந்தையைத் தரையில் உட்காரவைத்து முழங்கால்களை மடக்கச் சொல்லுங்கள். மேலே ஒரு போர்வையைப் போர்த்துங்கள். இரண்டு முழங்கால்களும் இரண்டு மலைகள். ஒன்றன் மேல் ஒரு தீப்பெட்டியை வையுங்கள், அது அல்ஹம்ப்ரா. இன்னொன்றில் வெள்ளைச் சோழிகளையோ சாக்பீஸ் துண்டுகளையோ கொட்டுங்கள், அவை அல்பைசின் வீடுகள். நடுவில் உள்ள பள்ளம் தார்ரோ ஆறு. அந்தப் பள்ளத்தோடு மேலே போனால் குகை வீடுகள் இருக்கும் சாக்ரோமோந்தே. தீப்பெட்டி மலையின் மறுசரிவில் ரேயாலேஹோ. பாதத்துக்குக் கீழே சமதளத்தில் சென்ட்ரோ. ஆறே பெயர்கள்தான். இரண்டு மூன்று நாள் விளையாடினால் மனப்பாடமாகிவிடும்.

பெயர்களை அங்கே சொல்வது போலவே சொல்லிக்கொடுங்கள். அல்ஹம்ப்ராவில் "ஹ" ஒலிக்காது, "அலாம்ப்ரா" என்பார்கள். ஹெனெராலிஃபேயை ஆங்கில எழுத்தைப் பார்த்து "ஜெனரல் லைஃப்" என்று படித்து ஓட்டுநரிடம் கேட்டால் விழிப்பார்.

இன்னொன்று, ஸ்பானிய மொழியில் "கிரனாடா" என்றால் மாதுளை. நகரத்தின் சின்னமே மாதுளைதான். தெருவோரத் தடுப்புக் கம்பங்களின் தலையில், பெயர்ப்பலகைகளில், பீங்கான் கிண்ணங்களில் என்று எங்கும் மாதுளை இருக்கும். பிள்ளைகள் கையில் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். கால் வலிக்கிறது என்று நிற்கும் குழந்தை, "அந்த முனையில இன்னொண்ணு இருக்கா பாரு" என்றதும் நடந்துவிடும். எங்கள் மகன் 47 எண்ணினான்.

7. முதல் நாள்: சென்ட்ரோ

சமதளம் என்பதால் பயணக் களைப்போடு தொடங்க ஏற்ற இடம். பிப்-ராம்ப்லா சதுக்கத்துக்குப் போங்கள். பூக்கடைகளும், அரக்கர் உருவங்கள் தாங்கும் நீரூற்றும், ஓடி விளையாட இடமும் உண்டு. கெட்டியான சூடான சாக்லேட்டில் சுர்ரோஸ் என்ற பொரித்த மாவுக்குச்சிகளைத் தோய்த்துச் சாப்பிடுவது இங்கே காலை வழக்கம். பக்கத்திலேயே கதீட்ரல், அதை ஒட்டி அல்காயிசேரியா என்ற குறுகலான கடைச்சந்து. பொருள் வாங்குவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள், அதுவரை விலை கேட்டுக்கொண்டே சுற்றலாம்.

கதீட்ரல் பக்கத்தில் சில பெண்கள் ரோஸ்மேரிக் கொத்தை நீட்டுவார்கள். சும்மா தருவது போலத் தந்து, கையைப் பிடித்து ரேகை பார்த்துவிட்டுப் பணம் கேட்பார்கள். குழந்தைகள்தான் முதலில் கைநீட்டுவார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "நோ, கிராசியாஸ்" என்று சொல்லி நகர்ந்தால் போதும்.

சாப்பாட்டு நேரத்துக்கு உங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் பழக்க வேண்டியிருக்கும். மதிய உணவு 2 மணிக்கு, இரவு உணவு 9 மணிக்கு. நடுவே 4 முதல் 8 வரை பெரும்பாலான உணவகங்களில் அடுப்பே எரியாது. பழம், ரொட்டி, தயிர் வாங்கி அறையில் வைத்திருங்கள். மதியத்தில் 13 முதல் 16 யூரோவுக்குள் "மெனு தெல் தியா" என்ற முழுச்சாப்பாடு கிடைக்கும், ஒன்றை இரு குழந்தைகள் பகிரலாம். கிரனாடாவில் பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு உணவு இலவசமாக வருவது வழக்கம், அதுதான் தாப்பா. குழந்தைக்கு "மோஸ்தோ" என்ற திராட்சைச்சாறு கேட்கலாம்.

சைவர்கள் கவனியுங்கள். "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹமோன் என்ற பதப்படுத்திய பன்றித்தொடையோ மீனோ வந்துவிடும், அவற்றை "கார்னே" என்று பலர் நினைப்பதில்லை. "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சொல்லுங்கள். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப்பாகு ஊற்றித் தரும் "பெரென்ஹேனாஸ் கோன் மியெல்" எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாலையில் பிளாசா நுவேவாவுக்குப் போய் சாந்தா அனா தேவாலயத்தின் பக்கத்தில் ஆற்றைக் காட்டுங்கள். மலையிலிருந்து வரும் தார்ரோ அந்த இடத்தில் தெருவுக்கு அடியில் புகுந்து மறைந்துவிடுகிறது. நகரத்துக்குக் கீழேயே ஓடி ஹெனில் ஆற்றில் கலக்கிறது. கால் வைத்திருக்கும் சாலைக்கடியில் ஓர் ஆறு ஓடுகிறது என்றதும் மகன் குப்புறப்படுத்துத் தரையில் காது வைத்துக் கேட்டான்.

8. இரண்டாம் நாள்: அல்பைசின்

ஏறுவதற்குப் பேருந்து, இறங்குவதற்கு நடை. பிளாசா நுவேவாவிலிருந்து சி31 என்ற சிற்றுந்து மேலே போகும். கட்டணம் ஒருவருக்கு ஒன்றரை யூரோவை ஒட்டி வரும். பணம் ஏற்றிவைக்கும் அட்டை வாங்கினால் குறைவு, ஒரே அட்டையைக் குடும்பம் முழுக்கப் பயன்படுத்தலாம்.

காலை 9 மணிக்கே சான் நிக்கோலாஸ் முற்றத்தில் இருங்கள். எதிர்மலையில் அல்ஹம்ப்ரா முழுதாகத் தெரியும், அதன் பின்னால் பனிமலைகள். எல்லோரும் சூரிய அஸ்தமனத்துக்குத்தான் போகச் சொல்வார்கள். அப்போது தோளோடு தோள் உரசும் கூட்டம், பிக்பாக்கெட் பயம் வேறு, உயரம் குறைந்த குழந்தைக்கு முதுகுகள்தான் தெரியும். காலையில் அந்தத் திண்டு முழுக்க எங்களுக்கே இருந்தது. "நாளை மறுநாள் அந்தக் கோபுரத்தின் உச்சியில் நிற்போம்" என்று ஒரு கோபுரத்தைச் சுட்டிக்காட்டி வையுங்கள். மணி தொங்கும் அது, வேலா கோபுரம். பக்கத்தில் இருக்கும் மசூதியின் தோட்டத்திலிருந்தும் இதே காட்சி தெரியும், அமைதியாகப் பேசச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

அங்கிருந்து பின்பக்கமாக ஆர்க்கோ தே லாஸ் பேசாஸ் என்ற பழைய வளைவு வாயில் வழியாக பிளாசா லார்காவுக்கு இறங்கலாம். "பேசாஸ்" என்றால் எடைக்கற்கள். சந்தையில் கள்ள எடை வைத்து ஏமாற்றிய வியாபாரிகளின் எடைக்கற்களைப் பறித்து அந்த வாயிலில் மாட்டிவிடுவார்களாம். தலைதூக்கிப் பார்த்தால் இன்றும் சுவரில் தொங்குவது தெரியும். சதுக்கத்தில் காலையில் காய்கறிக் கடைகள் இருக்கும். பிள்ளைகளிடம் காசு கொடுத்து ஆரஞ்சு வாங்கிவரச் சொல்லுங்கள். "தோஸ் நரான்ஹாஸ், போர் ஃபவோர்" என்றால் "இரண்டு ஆரஞ்சு, தயவுசெய்து". நரான்ஹாவுக்கும் நம் நாரத்தைக்கும் சொல் உறவு உண்டு என்று மகளிடம் சொன்னேன். அந்த ஒரு சொல்லை அவள் மறக்கவே இல்லை.

கீழே இறங்கும் வழியில் உயர்ந்த வெள்ளைச் சுவர்களும் அவற்றுக்கு மேலே எட்டிப்பார்க்கும் சைப்ரஸ் மரங்களும் தெரியும். தோட்டத்தோடு கூடிய அந்த வீடுகளுக்கு "கார்மென்" என்று பெயர். செங்கல் வளைவுக்குள் பூட்டிக் கிடக்கும் சிறு கதவுகள் பழைய தண்ணீர்த் தொட்டிகள், "அல்ஹீபே" என்பார்கள். வீட்டு எண்கள் நீலமும் பச்சையுமாக ஃபஹலௌசா பீங்கானில் இருக்கும், மாதுளை எண்ணிக்கை இங்கே மளமளவென்று ஏறும்.

வழி தப்பினால் பயப்படாதீர்கள். தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் பெரும்பாலும் ஆற்றங்கரையிலோ எல்விரா தெருவிலோ வந்து சேர்வீர்கள். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். கூழாங்கல் தரை மழையில் வழுக்கும், ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். தள்ளுவண்டியை அறையிலேயே விட்டுவிடுங்கள். ஆற்றோரத் தெருவான கர்ரேரா தெல் தார்ரோவில் நடைபாதை கிடையாது, சிற்றுந்துகள் உடம்பை உரசிக்கொண்டு போகும். கைப்பிடியை விடவே கூடாது. அதே தெருவில் பன்யுவேலோ என்ற பழைய குளியல்கூடம் இருக்கிறது. கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள், அவற்றின் வழியாக வெளிச்சம் தரையில் விழும். இருபது நிமிடம் போதும்.

9. மூன்றாம் நாள் காலை: சாக்ரோமோந்தே. மாலை: ரேயாலேஹோ

சாக்ரோமோந்தேவுக்கு சி34 பேருந்து. மலையைக் குடைந்து உருவாக்கிய வீடுகளின் பேட்டை இது, ஃபிளமெங்கோ நடனம் ஆடும் ஹித்தானோ (ஸ்பெயினின் ரோமா) சமூகத்தாரின் இடமாகப் பெயர்பெற்றது. குகை அருங்காட்சியகத்துக்கு நுழைவு 5 யூரோவை ஒட்டி இருக்கும். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஏற்றம் ஏற வேண்டும், ஆனாலும் போயே ஆகுங்கள். சமையலறை, படுக்கையறை, தறி, குயவர் அறை என்று ஒவ்வொரு குகையும் ஒரு மாதிரி. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நுழைந்தால் குளுகுளுவென்று இருப்பதைக் குழந்தைகள் தோலிலேயே உணர்வார்கள். அக்கம்பக்கக் குகைகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். வாசலில் எட்டிப்பார்ப்பதும் படமெடுப்பதும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குகைகளில் நடக்கும் சாம்ப்ரா நடனக் காட்சிகளுக்குத் தலைக்கு 25, 30 யூரோ ஆகும். பெரும்பாலும் இரவு 9 மணிக்கு மேல்தான். முன்காட்சி இருந்தால் மட்டும் எடுங்கள்.

ரேயாலேஹோ ஒருகாலத்து யூதர் குடியிருப்பு. நுழைவில் 12ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் யெஹூதா இப்ன் திப்போனின் சிலை நிற்கிறது. இரண்டு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்துவது எனக்குப் பிடித்திருந்தது. சந்துச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் இருக்கும். "எல் நீன்யோ தே லாஸ் பிந்தூராஸ்" என்ற புனைபெயரில் வரையும் இவ்வூர் ஓவியருடையவை பல. மாலையில் காம்ப்போ தெல் பிரின்சிப்பே சதுக்கத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். உங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நீங்கள் உட்காருங்கள்.

மழை வந்தால் சைதீன் பக்கம் இருக்கும் அறிவியல் பூங்காவுக்குப் போகலாம். திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் மூடிவிடும். அதிலுள்ள கோளரங்கத்துக்கும் உயிரினக் கூடத்துக்கும் தனி டிக்கெட்.

10. நான்காம் நாள்: அல்ஹம்ப்ரா

எல்லோருடைய அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள். அல்காசாபா, நஸ்ரி, ஹெனெராலிஃபே என்று ஒவ்வோர் இடத்திலும் டிக்கெட்டோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பெரிய பை உள்ளே விடமாட்டார்கள், சிறு பையையும் முதுகில் போடாமல் மார்பில் மாட்டச் சொல்வார்கள். கைக்குழந்தைக்குத் துணித்தூளி எடுத்துக்கொள்ளுங்கள், அரண்மனைக்குள் தள்ளுவண்டி கிடையாது. குழந்தையின் மணிக்கட்டில் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள். அவசர எண் 112.

டிக்கெட் இணையத்தில் வாங்கியிருந்தால் மேல்கோடியில் இருக்கும் டிக்கெட் மண்டபத்துக்குப் போக வேண்டிய தேவை இல்லை. சி30 பேருந்தில் ஏறி நீதி வாயிலுக்குப் பக்கத்தில் இறங்குங்கள். வெளி வளைவின் உச்சியில் ஒரு கை செதுக்கியிருக்கும், உள் வளைவில் ஒரு சாவி. கை சாவியை எட்டிப்பிடிக்கும் நாளில்தான் இந்தக் கோட்டை விழும் என்று ஒரு பழங்கதை உண்டு. இரண்டையும் குழந்தையே தேடட்டும்.

நஸ்ரி நேரம் 10 மணி என்றால் இப்படிப் போங்கள். 8.30க்குத் திறந்ததும் அல்காசாபா. வேலா கோபுரத்தில் ஏறினால் எதிரே அல்பைசின், நீங்கள் நின்ற சான் நிக்கோலாஸ் முற்றம், அந்தப் பக்கம் குகைகள், கீழே கதீட்ரல். "நாம அங்க நின்னோம், அங்க ஆரஞ்சு வாங்கினோம்" என்று மகள் ஒவ்வொன்றாக விரல்நீட்டிச் சொன்னாள். போர்வை மலைகள் இரண்டும் அவளுக்கு அப்போது ஊராகிவிட்டன.

9.30க்கு இறங்கிக் கழிப்பறைக்குப் போய்வாருங்கள், நஸ்ரிக்குள் அந்த வசதி இல்லை. 9.40க்கு வரிசையில் இருங்கள். உள்ளே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சுவரைத் தொடக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், குழந்தைக் கை தானாக அங்கே போகும். குளத்தில் கோபுரம் தலைகீழாகத் தெரியும், மிர்ட்டில் என்ற செடியின் பெயர்கொண்ட முற்றத்தில் நின்று பாருங்கள். பிறகு சிங்க முற்றம். அவசரப்படுத்தாதீர்கள். பன்னிரண்டையும் எண்ணவிடுங்கள், எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவிடுங்கள். அதன் அருகிலுள்ள இரு சகோதரிகள் மண்டபத்தில் தலையை அண்ணாந்து, தேன்கூடு போன்ற விதானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் "பார்த்தால்" தோட்டத்தில் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிடுங்கள். ஹெனெராலிஃபே அங்கிருந்து கால்மணி நடை. அதன் உச்சியில் இருக்கும் தண்ணீர்ப் படிக்கட்டைத் தவறவிடாதீர்கள். இரண்டு பக்கமும் உள்ள கைப்பிடிச் சுவர்களின் மேலேயே வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், படி இறங்க இறங்கத் தண்ணீரும் கூடவே ஓடிவரும். எங்கள் மகன் தோட்ட டிக்கெட்டில் பகலில் பார்த்தது இதைத்தான். நான்கு முறை ஏறி இறங்கினான். மாற்றுச் சட்டை ஒன்று கையில் வைத்திருங்கள். அந்தப் பக்கமே வெளியேறி சி30 பிடித்தால் 2 மணிச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம்.

செலவுக் கணக்கு

இரண்டு பெரியவர், 12 வயதுக்குட்பட்ட இரண்டு குழந்தைகள், கிரனாடாவில் நான்கு நாள், அறை வாடகை சேர்க்காமல்: அல்ஹம்ப்ரா 45 யூரோவுக்குள், குகை அருங்காட்சியகமும் சிறு நுழைவுகளும் 40, பேருந்து 40, சாப்பாடு ஒரு நாளைக்கு 70 முதல் 80. மொத்தம் 450 யூரோ வைத்துக்கொண்டால் நெருக்கடி இருக்காது. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று கணக்குப் போட்டால் 45,000 ரூபாய். இடைத்தரகர் தளத்தில் நான் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் நால்வரும் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கலாம்.